31 பக்கம், 15 நிமிடம்: ஒரு தமிழ்த் திரைக்கதை போட்டிக்குப் போன வழி

இந்த ஆய்வில் வரும் எழுத்தாளர் தனியொருவர் அல்லர். சிங்கப்பூரில் தமிழில் முதல் திரைக்கதை எழுதுவோரிடம் அடிக்கடி காணும் பழக்கங்களையும் தடுமாற்றங்களையும் ஒருவர்மேல் ஏற்றி அமைத்த மாதிரி. காட்சி எண்ணிக்கை, பக்கம், நேரம் ஆகியவை அந்த மாதிரிக்கு உரியவை. மென்பொருள், போட்டி, சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் உள்ளபடியே.

நிகழ்வு

அவர் பகலில் சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். தமிழில் சிறுகதை எழுதிப் பழக்கம் உண்டு. தேசிய கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருதுக்கு அனுப்பியும் இருக்கிறார். இப்போது அவரிடம் ஒரு படத்துக்கான கதை இருக்கிறது. பணி ஓய்வு பெறும் பேருந்து ஓட்டுநர் கடைசி நாளன்று சீருடையைத் திருப்பிக் கொடுக்க மறுக்கிறார். ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஒரு மகள், ஒரே இரவு.

முதலில் ஆண்டிறுதித் தள்ளுபடியில் ஒரு சந்தா மென்பொருளை வாங்கினார். பிறகு மூன்று மாதம் எழுதினார். 34 காட்சி, 31 பக்கம் வந்தது. அதற்குப் பிறகுதான் போட்டி தேடினார். கண்ணில் பட்டவை இரண்டு வகை. ஆங்கிலத் திரைக்கதையை மட்டும் ஏற்கும் அமெரிக்கப் போட்டிகள் ஒன்று; 15 நிமிடத்துக்குள் முடிந்த படத்தைக் கேட்கும் குறும்படப் போட்டிகள் மற்றொன்று. கையில் இருந்ததோ இரண்டிலும் சேராதது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று எங்கோ படித்திருந்ததால், 31 நிமிடப் படம் எழுதிவிட்டோம் என்று நம்பிப் பாதியை வெட்டத் தொடங்கினார். அந்தக் கணக்கும் தப்பு.

வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நேர்ந்திருக்காது. எந்தப் போட்டி என்பது முடிவானால் எந்த மொழி, எவ்வளவு நீளம், எந்தத் தாள் அளவு என்பதெல்லாம் கூடவே முடிவாகிவிடும். மென்பொருள் தேர்வு அதற்குப் பின்னால் வரவேண்டிய சின்ன வேலை. ஆனால் தமிழில் எழுதுபவருக்கு அந்தச் சின்ன வேலையில் சில பெரிய பள்ளங்கள் உண்டு. முதலில் அவற்றைப் பார்ப்போம்.

தமிழ் எங்கே உடைகிறது

திரைக்கதை மென்பொருள்கள் அமெரிக்கத் தட்டச்சுப் பிரதியைப் பார்த்துப் பிறந்தவை. பாத்திரத்தின் பெயரும் காட்சித் தலைப்பும் பெரிய எழுத்தில் இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும், தட்டிய வரிசையிலேயே எழுத்து திரையில் தெரியும் என்பவை அவற்றின் அடிப்படை நம்பிக்கைகள். தமிழில் மூன்றுமே இல்லை.

பெரிய எழுத்து இல்லாததால் வரும் தொல்லையை ஃபவுன்டனில் தெளிவாகப் பார்க்கலாம். ஜான் ஆகஸ்ட், ஸ்டூ மாஷ்விட்ஸ், நிமா யூசஃபி ஆகியோர் 2012ல் வெளியிட்ட எழுத்துமுறை அது. எந்த எளிய உரைக்கோப்பிலும் எழுதலாம், காசு வேண்டாம். ஒரு வரி முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்தில் இருந்தால் அதைப் பாத்திரப் பெயர் என்று அது புரிந்துகொள்ளும். உள், வெளி என்பதற்கான ஆங்கிலச் சுருக்கத்தில் தொடங்கினால் காட்சித் தலைப்பு. தமிழில் எழுதினால் இந்த அடையாளம் எதுவும் கிடைக்காது. முழுத் திரைக்கதையும் வெறும் செயல் வரிகளாக, அதாவது நடப்பதை விவரிக்கும் வரிகளாக, கொட்டும். பலர் இந்த இடத்தில் ‘இது தமிழுக்கு ஆகாது’ என்று கைவிடுகிறார்கள். கட்டாயக் குறிகள் இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. காட்சித் தலைப்புக்கு முன் ஒற்றைப் புள்ளி, பாத்திரப் பெயருக்கு முன் @ குறி, காட்சி மாற்றத்துக்கு முன் > குறி. அவ்வளவுதான்:

.உள் – வீவக வீடு, சமையலறை – இரவு

சலவை இயந்திரத்தின் மேல் மடித்து வைத்த சீருடை. மகள் அதை எடுக்கக் கை நீட்டுகிறாள்.

@அப்பா
(திரும்பாமல்)
அத வை. நாளைக்கு நானே கொண்டு போறேன்.

@மகள்
நாளைக்கு டிப்போவுக்குள்ள விடமாட்டாங்கப்பா.

இதில் வழுக்கும் இடம் வெற்று வரி. பாத்திரப் பெயருக்கு மேலே ஒரு வரி காலியாக இருக்கவேண்டும். பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் இருக்கக்கூடாது. கைப்பேசிக் குறிப்பேட்டிலிருந்தோ வேர்டிலிருந்தோ வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு காலி வரி நுழைந்துவிடுவதுண்டு. நுழைந்தால் வசனம் முழுவதும் செயல் வரியாகி இடது ஓரத்துக்கு ஓடிவிடும். நமது எழுத்தாளருக்கு இதுதான் நடந்தது. அவர் குறை மென்பொருளில் இருப்பதாக நினைத்தார். இரட்டை வரிமுறிவுகளைத் தேடி ஒற்றையாக மாற்றினாலே சரியாகிவிடும். மூன்று புள்ளியில் தொடங்கும் வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒற்றைப் புள்ளியை மட்டுமே ஃபவுன்டன் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். தலைப்புப் பக்கத்தின் அடையாளச் சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது எழுத்து வரிசை. ‘கொ’ என்று எழுதும்போது கணினி முதலில் ககரத்தையும் பிறகு உயிர்க்குறியையும் சேமிக்கிறது. திரையில் மட்டும் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருள் பிடிஎஃப்பில் கொம்பைத் தனியாகவும், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தையும் போட்டுவைக்கும். திரையில் சரியாகத் தெரிந்தது பிடிஎஃப்பில் உடைவது ஏன் என்றால், திரையில் எழுத்தைக் கோப்பது இயங்குதளம். பிடிஎஃப்பை உருவாக்குவதோ மென்பொருளின் சொந்த நிரலாக இருக்கலாம். ஆகவே திரையைப் பார்த்து மட்டும் மென்பொருளை நம்பக்கூடாது.

இதைவிட நுட்பமான ஒன்று ஔகாரக் குறி. ‘கௌரி’ என்ற பெயரில் வரும் குறியின் வலப்பாதி, ளகரத்தைப் போலவே இருக்கும். சிலர் ஒற்றைக் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போதும் இப்படி ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு பெண்கள். பாத்திரப் பட்டியல் எடுத்தால் கௌரி இரண்டு முறை நிற்பாள். ஒருத்திக்கு 18 வசனம், இன்னொருத்திக்கு 5. பெயருக்குப் பின் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். எழுதி முடித்ததும் பாத்திரப் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

தட்டச்சு முறையைப் பொறுத்தவரை இங்கே பெரும்பாலோருக்கு முரசு அஞ்சலும் கைப்பேசியில் செல்லினமும் பழக்கம். தமிழ்99 பழகியவர்களுக்கு அது. எதுவானாலும் யூனிகோடில் எழுதினால் போதும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் கதையை எடுத்து ஒட்டினால் எழுத்துருவை மாற்றியவுடன் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். முதலில் மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஔகாரத்தைச் சரிபார்த்துவிட்டு ஒட்டவேண்டும்.

அரைப்பக்கச் சோதனை

வாங்குவதற்கு முன், அரைப்பக்கக் காட்சி ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொக்கு, மௌனம், ஸ்ரீதர், க்ஷேமம் ஆகிய சொற்கள் வரட்டும். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம்’ போன்ற ஒரு நீளச் சொல் வசனத்துக்குள் வரட்டும். ஒரு வசனத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருக்கட்டும். சிங்கப்பூர்க் கதையில் அது எப்படியும் வரும். ஒரு வசனம் பக்க முடிவில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்படி அமையுங்கள், ஏனென்றால் ‘மேலும்’, ‘தொடர்ச்சி’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களை மென்பொருள் தானாக நுழைக்கும் இடம் அது. அமைப்புப் பகுதியில் அவற்றைத் தமிழாக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பிறகு பிடிஎஃப் எடுத்து, அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கருவியில், கைப்பேசியிலாவது, திறந்து பார்க்கவேண்டும். கோப்பின் பண்புகளில் எழுத்துரு உட்பதிக்கப்பட்டதாகக் காட்டவேண்டும். கடைசியாக பிடிஎஃப்பிலிருந்து இரண்டு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள். ஒட்டிய எழுத்து குழம்பினால் படிப்பவர் கண்ணுக்குப் பாதகமில்லை, ஆனால் நடுவர் தேடவோ குறிப்பெடுக்கவோ முடியாது. கொம்பு தனியே நின்றால் அந்த மென்பொருளை அங்கேயே விட்டுவிடலாம். இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம் போதும்.

எதை எடுப்பது

ஃபைனல் டிராஃப்ட்தான் ஹாலிவுட்டின் பொதுக்கருவி. அதன் எஃப்டிஎக்ஸ் கோப்பை மற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் திறக்கும். ஆங்கிலத்தில் எழுதி, அங்கே தயாரிப்பு நிலைக்குப் போகும் கதைக்கு அது பொருந்தும். போட்டியில் நுழைய அது தேவையில்லை. போட்டிகள் கேட்பது பிடிஎஃப். எந்த மென்பொருளில் எழுதியது என்று எந்த நடுவரும் பார்ப்பதில்லை. தொடக்கநிலையில் அதற்குப் பணம் கட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஃபேட் இன் ஒரு முறை பணம் கட்டி வாங்குவது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சந்தா பிடிக்காதவர்களுக்கு நல்லது. ரைட்டர்டூயட் இருவர் ஒரே நேரத்தில் எழுதுவதற்கு. இலவச நிலையில் எண்ணிக்கை வரம்பு உண்டு. செல்டெக்ஸ் ஒரு காலத்தில் இலவசக் கணினி மென்பொருள். இப்போது இணையச் சந்தா. பழைய பயிற்சிக் குறிப்புகளில் அதை இலவசம் என்று படித்துவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ட்ரெல்பியும் அப்படித்தான் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் பழைய பதிப்புகள் லத்தீன் எழுத்தை மட்டும் ஏற்பவை, தமிழுக்கு உதவா. மேக் வைத்திருப்பவருக்கு ஃபவுன்டனில் ஓடும் பீட் இலவசமாகக் கிடைக்கிறது.

தமிழில் எழுதுபவர் தவறாமல் பார்க்கவேண்டியது ஸ்க்ரைட். பெங்களூரில் உருவானது, தமிழ் உட்பட இந்திய மொழிகளை மனத்தில் வைத்தே கட்டியது. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. கட்டண விதிகள் மாறிவந்திருப்பதால், நிறுவும் நாளில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். நமது மாதிரி எழுத்தாளருக்குப் பொருந்தியது ஸ்க்ரைட்டும், பாதுகாப்புக்கு ஒரு ஃபவுன்டன் நகலும். சந்தா முடிந்தால் கோப்பைத் திறக்கமுடியாமல் போகும் மென்பொருள்கள் உண்டு. உரைக்கோப்பு எக்காலத்திலும் திறக்கும்.

வேர்டில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: எழுதலாம். காட்சித் தலைப்பு, செயல், பெயர், வசனம் என்று நான்கு பாணிகளை அமைத்துக்கொண்டால் 15 நிமிடக் குறும்படத்துக்குப் போதும். இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி வசனத்தை நடுவுக்குத் தள்ளுவது மட்டும் வேண்டாம். ஒரு சொல் மாறினால் பக்கம் முழுவதும் கலைந்துவிடும். செயலை இடப்பக்கமும் வசனத்தை வலப்பக்கமும் இரண்டு பத்தியாக எழுதும் கோடம்பாக்கப் பழக்கம், கூடவே உட்கார்ந்து படமெடுப்பவருக்கு வசதிதான். வெளிநாட்டுப் போட்டிக்கு அந்த வடிவம் செல்லாது.

பக்கமும் நிமிடமும்

‘பக்கத்துக்கு ஒரு நிமிடம்’ என்ற கணக்கு ஒரு குறிப்பிட்ட தாளுக்கு உரியது. அமெரிக்க லெட்டர் தாள், 8.5 அங்குல அகலம், 11 அங்குல உயரம். 12 புள்ளிக் கூரியர்: ஓர் அங்குலத்தில் 10 எழுத்து, உயரத்தில் 6 வரி. இடது ஓரம் 1.5 அங்குலம், மற்றவை ஓர் அங்குலம் அளவில். வசனம் இடமிருந்து 2.5 அங்குலத்தில் தொடங்கி ஏறக்குறைய 3.5 அங்குல அகலத்துக்குள் ஓடும். இவ்வளவும் பொருந்தினால்தான் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது உத்தேசமாகச் சரிவரும்.

கூரியரில் தமிழ் எழுத்து கிடையாது. கணினி சத்தமில்லாமல் லதாவையோ நிர்மலாவையோ வேறொன்றையோ எடுத்துப் போட்டுவிடும். அகலம் மாறும், மேல்விலங்குக்கும் கீழ்ச்சுழிக்கும் இடம் விடுவதால் வரி உயரம் மாறும். 3.5 அங்குல வசனப் பத்தியில் நீளமான தமிழ்ச் சொல் பாதியில் உடையாமல் அடுத்த வரிக்குத் தாவும். ஆங்கிலத்தில் இரண்டு வரி பிடிக்கும் வசனம் தமிழில் நான்குகூடப் பிடிக்கலாம். இதனால்தான் நம் எழுத்தாளரின் 31 பக்கம் 31 நிமிடம் ஆகவில்லை. எழுத்துருவைச் சற்றுக் குறைத்தால் அதுவே 26 பக்கம். படம் ஒரு நொடியும் குறையாது.

தமிழுக்கு நம்பத்தகுந்த அளவுகோல் நிறுத்துக்கடிகாரம்தான். வசனத்தை நடிப்பு வேகத்தில் வாய்விட்டுப் படிக்கவேண்டும். செயல் வரியைப் படிக்காமல், அந்தச் செயல் திரையில் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் மனத்துக்குள் ஓட்டவேண்டும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் எல்லாரும் இங்கே அவசரப்படுகிறார்கள். ‘அப்பா சீருடையை இஸ்திரி போடுகிறார்’ என்பதைப் படிக்க இரண்டு நொடி போதும். எடுத்தால் அது நாற்பது நொடிக் காட்சி. காட்சி எண், நேரம் என்று இரண்டு பத்தியில் எழுதிக் கூட்டினால், இந்தத் திரைக்கதை 19 நிமிடம் 10 நொடி வந்தது. போட்டியின் வரம்பு 15 நிமிடம், பெயர்ப்பட்டியலும் அதற்குள். பட்டியலுக்கு 40 நொடி ஒதுக்கினால் கதைக்கு 14 நிமிடம் 20 நொடி. வெட்டவேண்டியது ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவர் முதலில் அஞ்சியதுபோல் பாதியல்ல.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கும் இங்கே ஒரு தாள் சிக்கல் உண்டு. சிங்கப்பூரில் எல்லாம் ஏ4. அது லெட்டரைவிட 0.69 அங்குலம் உயரம். பக்கத்துக்கு நான்கு வரி கூடுதலாகக் கொள்ளும். 54 வரிக்குப் பதில் 58 வரி என்றால், லெட்டரில் 110 பக்கம் வரும் திரைக்கதை ஏ4ல் 102 பக்கம்தான். அமெரிக்கப் போட்டிக்குப் பக்க வரம்பைச் சரிபார்க்கும்போது தாள் அளவை முதலில் மாற்றுங்கள்.

போட்டிகள்

சிங்கப்பூரிலிருந்து எட்டக்கூடியவை மூன்று தன்மை கொண்டவை: காகிதத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்பவை, முடிந்த படத்தைப் பார்த்துச் சொல்பவை, திட்டத்தைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பவை.

காகிதம் படிப்பவற்றில் பேர்பெற்றது ஆஸ்கர் அகாடமியின் நிக்கல் ஃபெலோஷிப், 1986 முதல். ஆண்டுக்கு ஐந்து பேர் வரை, ஆளுக்கு 35,000 அமெரிக்க டாலர். அதன் விதியில் இரண்டைத் தமிழ் எழுத்தாளர் கவனிக்கவேண்டும். திரைக்கதை முதலிலேயே ஆங்கிலத்தில் எழுதியதாக இருக்கவேண்டும், மொழிபெயர்ப்பு ஏற்கப்படாது. தமிழில் எழுதி நண்பரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி அனுப்பும் திட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இன்னொன்று, 2025 முதல் பொதுமக்கள் நேரடியாக அனுப்பும் வழி மூடப்பட்டு, த பிளாக் லிஸ்ட் என்ற திரைக்கதை இணையத்தளம் வழியாக வரும்படி மாறியிருக்கிறது. பழைய வழிகாட்டிக் குறிப்புகள் பலவும் செல்லாதவை ஆகிவிட்டன. போட்டித் தரவரிசையைத் திரட்டிக் காட்டிவந்த கவர்ஃப்ளை 2025ல் மூடப்பட்டது. மூன்றாண்டு பழைய குறிப்பை நம்பிப் போட்டிக்குத் திட்டமிடாதீர்கள்.

படம் பார்ப்பவற்றில் இளையருக்கு உரியது ஸ்கேப் என்ற இளையர் அமைப்பு 2015 முதல் நடத்தும் தேசிய இளையர் திரைப்பட விருது. திரைக்கதைக்குத் தனி விருதும் உண்டு, ஆனால் அதைப் பெறப் படம் கையில் இருக்கவேண்டும். ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவையொட்டி அமைப்புகள் குறும்படப் போட்டி வைப்பதுண்டு. ஆண்டுக்கு ஆண்டு விதியும் நடத்துபவரும் மாறும், ஆகவே அந்த ஆண்டின் அறிவிப்பு ஒன்றே ஆதாரம்.

மூன்றாவது, 1987ல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவின் தென்கிழக்காசியத் திரைப்படப் பட்டறை, மிடில் ரோட்டில் இருக்கும் ஆப்ஜெக்டிஃப்ஸின் குறும்படப் பயிலரங்கு போன்றவை. இங்கே கதை தமிழில் நிகழலாம்; விண்ணப்பம் ஆங்கிலத்தில் போகவேண்டியிருக்கும். முழுத் திரைக்கதையைவிட ஒருபக்கச் சுருக்கமும், ஏன் இந்தக் கதை என்ற குறிப்பும், முன்பு எடுத்த படத்தின் இணைப்பும் இங்கே அதிகம் பேசும். முன்பு எடுத்த படம் என்றால் திரும்பவும் குறும்படத்துக்கே வந்து நிற்கிறோம்.

தமிழ்த் திரைக்கதையைக் காகிதமாகவே ஏற்றுத் தீர்ப்புச் சொல்லும் போட்டி எளிதில் அகப்படாது. நமது எழுத்தாளருக்குச் சரியான வழி குறும்படப் போட்டி. தேடவேண்டியது ஓர் இயக்குநரை. தீர்ப்பு அந்தப் படத்துக்கு வரட்டும்.

எடுக்கக்கூடியதாக மாற்றுதல்

அந்த முடிவு வந்தவுடன் எந்தக் காட்சியை வெட்டுவது என்பதும் தெளிவாகிறது. 34 காட்சியில் ஒன்பது ஓடும் பேருந்துக்குள் நடக்கின்றன. பேருந்துக்குள்ளும் பணிமனையிலும் எடுக்க பேருந்துச் சேவையை நடத்தும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கையில் காசில்லாத முதல் குழுவுக்கு அது கிடைக்கும் என்று எண்ணி எழுதுவது வீண். புளோக்கின் கீழ்த்தளத்தில், நாம் வாய்ட் டெக் என்று சொல்லும் இடத்தில், எடுப்பதற்கும் அந்த வட்டார நகர மன்றத்தின் அனுமதி தேவை. ஆனால் அது முறையாகக் கேட்டுப் பெறக்கூடியது. வீட்டுக்குள் எடுப்பதற்கு அந்தத் தொல்லையும் இல்லை.

ஒன்பது பேருந்துக் காட்சிகளும் போயின. அவற்றில் கதைக்குத் தேவைப்பட்ட ஒன்றே ஒன்று, அப்பா ஒரு முதிய பயணிக்காகப் பேருந்தை நிறுத்தி வைத்தது. அது கீழ்த்தளக் கல்மேசையில் அந்த முதியவரே மகளிடம் சொல்லும் நான்கு வரியாக மாறியது. சீருடைக் காட்சி அப்படியே நின்றது. எண்பதுகளின் திரைப்பாடல் ஒன்று வானொலியில் ஒலிப்பதாக எழுதியிருந்ததும் நீங்கியது. பொது இடத்தில் பாட்டுப் போட, இசை உரிமை அமைப்பான கம்பாஸிடம் உரிமம் பெறுவது வேறு, படத்தோடு பாட்டை இணைக்கும் உரிமை வேறு. இரண்டாவதைத் தனியாகப் பாட்டின் உரிமையாளரிடம் வாங்கவேண்டும். போட்டிகள் அதற்குச் சான்று கேட்கும். இன்னும் சில காட்சிகளும் போய், 21 காட்சி, 14 நிமிடம் 5 நொடி என்று வந்து நின்றது.

நடிகர் பிரதியைப் பற்றி ஒன்று. இளம் நடிகர்கள் சிலர் தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் அதை மூலமாக வைத்துக்கொள்ளவேண்டாம். லகர ளகர ழகர வேறுபாடு அதில் மறைந்துவிடும். அடுத்த திருத்தத்தை அதிலிருந்து செய்தால் பிழை மூலத்துக்குள் ஏறிவிடும்.

பணமும் விதியும்

கட்டணப் போட்டிகள் பெரும்பாலும் முன்பதிவு, வழக்கம், தாமதம் என்று படிப்படியாக விலையை ஏற்றும். தாமதக் கட்டணத்தில் நுழைவதால் நன்மை எதுவும் இல்லை. கருத்துரைக்கென்று தனியாகக் கேட்கும் தொகையையும் முதல் ஆண்டில் கட்டவேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்தப் பணத்தில் நாலு பேரை வீட்டுக்கு அழைத்து, பரோட்டா வாங்கி வைத்து, திரைக்கதையைச் சேர்ந்து வாசித்துப் பார்த்தால் கூடுதலாகத் தெரியவரும். எந்த இடத்தில் அவர்கள் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

சந்தேகத்துக்குரிய போட்டியைக் கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும். நடுவர்கள் யார் என்று பெயர் போட்டிருக்கிறார்களா? முந்தைய வெற்றியாளர்களைத் தேடினால் உண்மையான ஆட்களும் அவர்கள் வேலையும் கிடைக்கிறதா? பரிசுக் கோப்பைக்கு வென்றவரே பணம் கட்டவேண்டுமா? மாதந்தோறும் முப்பது பிரிவில் வெற்றியாளர் அறிவிக்கும் போட்டியின் இலைமாலைச் சின்னத்தைச் சுவரொட்டியில் போட்டுக்கொள்ளலாம், தேர்வுக்குழு எதுவும் அதைப் பொருட்படுத்தாது. உரிமைப் பிரிவையும் படிக்கவேண்டும். அனுப்பிய கதையை விளம்பரத்துக்குக் குறிப்பிடுவோம் என்பது வழக்கம். அனுப்பிய எல்லாக் கதைகள்மீதும் முதல் உரிமை எங்களுக்கு என்று இருந்தால் அனுப்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்கும் விதிகளும் வந்துவிட்டன. பதில் உண்மையாக இருக்கட்டும்.

அனுப்பும்போது கோப்பின் பெயரிலும் தலைப்புப் பக்கத்திலும் எழுதியவர் பெயர் இருக்கக்கூடாது என்று சில போட்டிகள் சொல்லும். அதை நீக்கியவர்களும் பிடிஎஃப்பின் பண்புகளில் ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் தம் பெயர் ஒட்டியிருப்பதைப் பார்ப்பதில்லை. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி இரவு 11.59 என்றால் கோடைக் காலத்தில் நமக்கு மறுநாள் பிற்பகல் 2.59, குளிர்காலத்தில் 3.59. நியூயார்க் நேரமென்றால் கோடையில் மறுநாள் காலை 11.59, குளிர்காலத்தில் பிற்பகல் 12.59. வேலைநாளில் இது அலுவலக நேரம். மதிய உணவு இடைவேளையில் கைப்பேசியிலிருந்து ஏற்றலாம் என்று விட்டுவைத்தால் கோப்பின் தவறான திருத்தம் போய்ச் சேரும். முந்தைய நாள் இரவே முடித்துவிடுங்கள்.

கதை யாருடையது

சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு அலுவலகம் கிடையாது. எழுதி வைத்தவுடனே உரிமை பிறந்துவிடும்; 2021ன் பதிப்புரிமைச் சட்டமும் அப்படியே. தேவைப்படுவது சான்று: தேதியிட்ட திருத்தங்களை அழிக்காமல் வைப்பதும், யாருக்கு எப்போது அனுப்பினோம் என்ற மின்னஞ்சலும்.

இயக்குநர் நண்பரோடு சேரும்போதுதான் இது உண்மையில் பிரச்சினையாகிறது. படத்தின் உரிமை அதைத் தயாரிப்பவருக்குப் போகும். திரைக்கதையின் உரிமை எழுத்தாக மாற்றிக் கொடுக்காதவரை எழுதியவரிடமே இருக்கும். வாய்ப்பேச்சு இரண்டு தரப்பையும் காக்காது. படப்பிடிப்புக்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும்: இந்தத் திரைக்கதையை ஒரே ஒரு குறும்படமாக எடுக்க அனுமதி, படத்தில் எழுதியவர் பெயர் இந்த வடிவில், முழுநீளப் படமாகவோ தொடராகவோ வளர்க்கும் உரிமை எழுதியவருக்கே, போட்டிப் பரிசுப் பணம் வந்தால் இந்த விகிதம். இருவரும் கையெழுத்திட்டுத் தேதி போடவேண்டும்.

அந்தத் தாள் இருந்தால், இதே ஓட்டுநர் கதையை எழுத்தாளர் பின்னாளில் ஆங்கிலத்திலேயே புதிதாக ஒரு முழுநீளத் திரைக்கதையாக எழுதி நிக்கல் போன்ற போட்டிக்கு அனுப்பலாம். சொந்தக் கதையிலிருந்து வளர்த்தது என்பதால் உரிமைக் கேள்வி எழாது. தமிழ்ப் பிரதியை மூடிவைத்துவிட்டு எழுதவேண்டும். பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் அது மொழிபெயர்ப்பாகிவிடும். பெரிய எழுத்தும் கூரியரும் லெட்டர் தாளும் அப்போது பொருந்தும். ஃபைனல் டிராஃப்டா ஃபேட் இன்னா என்ற கேள்விக்கு நேரம் ஒதுக்கலாம் என்றால் அது அப்போதுதான்.